மலர்ச்சாலைக்காரர் பணத்துக்காக உடலைப் பிடித்து வைக்கலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மாமா இரவு லயத்தில் இறந்துபோனார். யாரோ போன் பண்ண, சாவு வேலைகளை நடத்திக் கொடுக்கும் டவுன் மலர்ச்சாலைக்காரர் வேனோடு வந்து உடலை எடுத்துப்போய் விடிவதற்குள் எம்பாம் பண்ணிவிட்டார், அதாவது உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றிவிட்டார். ஒரு வாரத்துக்கு முன்னால் மாமா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்த கதை காலையில்தான் வெளியே வந்தது. பொலிஸ் வந்து, மரண விசாரணை நடக்க வேண்டும், பிரேத பரிசோதனை வேண்டும் என்றது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வேன் கூலி, திரும்பவும் தைத்துச் சுத்தம் செய்த கூலி, இன்னொரு நாள் வைத்திருந்த கூலி என்று பில் இரண்டு மடங்காகிவிட்டது. முழுக் காசையும் வைத்தால்தான் பெட்டி வாசலைத் தாண்டும் என்கிறார் முதலாளி. “இவர்களுக்கு இந்த அதிகாரத்தை எந்தச் சட்டம் கொடுத்தது?” என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இறந்தவரின் உடல் யாருக்குச் சொந்தம்? அதைத் தொடுமுன் மலர்ச்சாலைக்காரர் என்ன செய்திருக்க வேண்டும்? பணம் பாக்கி என்றால் அவர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மலைநாட்டில் 17 வருடம் திடீர் மரண விசாரணை அதிகாரியாகவும் இருந்தேன். லயத்துக் காம்பறாக்களிலும் ஆஸ்பத்திரிப் பிரேத அறைகளிலும் மலர்ச்சாலைகளின் பின்கட்டுகளிலும் நின்று பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. வழக்கு என்று போனால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு சட்டத்தரணியைப் பார்க்கத்தான் வேண்டும். சட்டம் எங்கே திட்டமாக இருக்கிறது, எங்கே வழக்கத்தை மட்டும் சொல்கிறேன் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் அவசரமானது. பணத்துக்கு ஈடாக உடலைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை கிடையாது. கராஜில் திருத்தக் கொடுத்த வாகனத்தைக் கூலி தரும்வரை கராஜ்காரர் வைத்திருக்கலாம், ஏனென்றால் வாகனம் ஒரு சொத்து. பிணை உரிமை என்பது சொத்தின் மேல் வருவது. இறந்த உடல் யாருடைய சொத்தும் இல்லை. மனைவிக்கும் சொந்தமில்லை, பிள்ளைக்கும் சொந்தமில்லை, மலர்ச்சாலைக்கும் சொந்தமில்லை. நெருங்கிய உறவினருக்கு இருப்பது அடக்கம் செய்யும் கடமையும், அந்தக் கடமையைச் செய்வதற்காக உடலைக் கையேற்கும் உரிமையும்தான். இங்கிலாந்தில் 1841இலேயே இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. கடனாளிச் சிறையில் ஒருவர் இறந்துபோக, தனக்கு வரவேண்டிய பணத்தைக் கட்டாமல் உடலைத் தரமாட்டேன் என்று சிறைக் காவலர் மறித்தார். நீதிமன்றம் உடலை ஒப்படைக்கும்படி கட்டளையிட்டது. ஆங்கிலத் தீர்ப்பு நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, வழிகாட்ட மட்டும் செய்யும். ஆனால் நம் இலங்கையில் எழுதப்பட்ட சட்டம் பேசாத இடத்தில் நிற்கும் உரோமன் டச்சுச் சட்டத்திலும் ஈமச் செலவுக்கென்று ஒரு வழி இருக்கிறது. அந்தச் செலவைச் செய்தவர் இறந்தவரின் ஆதனத்திலிருந்து அதைக் கேட்டுப் பெறலாம், மற்றக் கடன்காரர்களுக்கு முந்தியும் கேட்கலாம். அப்படியொரு வழி திறந்திருக்கும்போது, பெட்டியை மறித்து வைத்துக் கேட்கத் தேவையே இல்லை.

அதற்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். யார் பேசி, யார் கையெழுத்துப் போட்டார்களோ அவர்கள் பேசிய தொகைக்குக் கடன்காரர்தான். கடன் வேறு, உடல் வேறு என்பதுதான் நான் சொல்ல வருவது. அவர் கடனைக் கேட்கலாம், கடிதம் அனுப்பலாம், வழக்கும் போடலாம். தொகை சிறியதாக இருந்தால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டப்படி முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே இரண்டு பக்கமும் உட்கார்ந்து தவணை பேசி முடித்ததை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

உங்கள் கையில் இன்னொரு பலமும் இருக்கிறது. விசாரணை முடிந்ததும் மரண விசாரணை அதிகாரி, உடலை இன்னாரிடம் ஒப்படைக்கவும் என்று எழுதிக் கொடுத்திருப்பார். அந்த இன்னார் மலர்ச்சாலை முதலாளி இல்லை, உங்கள் அத்தையோ அவருடைய மகனோதான். அந்தக் காகிதத்தின் பிரதியோடு போங்கள். சத்தம் போட வேண்டாம். “இதில் எழுதியிருக்கும் ஆளிடம் உடலைத் தாருங்கள், பாக்கிக்குத் தவணை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்” என்று கேளுங்கள். மறுத்தால் அந்தப் பிரதேசப் பொலிஸ் பொறுப்பதிகாரியிடமும், கட்டளையில் கையெழுத்துப் போட்ட அதிகாரியிடமும் சொல்லுங்கள். என்னிடம் இப்படி வந்த இரண்டு சந்தர்ப்பங்களிலும் ஒரு போன் பேச்சோடு விஷயம் முடிந்தது. முடியாமல் போனால் நீதவானிடம் போகலாம்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். உங்கள் விஷயத்தில் உண்மையான தவறு நடந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 370ஆம் பிரிவு எந்தெந்த மரணங்களை விசாரிக்க வேண்டும் என்று சொல்கிறது: தற்கொலை, மிருகத்தாலோ இயந்திரத்தாலோ விபத்தாலோ வந்த சாவு, திடீரென்று வந்த சாவு, காரணம் தெரியாத சாவு. இப்படி ஒரு தகவல் வந்தால் விசாரணை அதிகாரி உடல் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும், விசாரிக்க வேண்டும், அறிக்கையை நீதவானுக்கு அனுப்ப வேண்டும். பொலிஸ் காவலிலோ சிறையிலோ இறந்தால் நீதவானே வர வேண்டும். அது 371ஆம் பிரிவு. பிரேத பரிசோதனை தேவை என்று பட்டால் அரசாங்க வைத்தியருக்குக் கட்டளை போகும். இந்த வேலை முடியும்வரை யாரும் உடலில் ஊசி ஏற்றக்கூடாது, கழுவக்கூடாது, முடிந்தால் இடத்தை விட்டு அசைக்கவும் கூடாது. குற்றம் ஒன்று நடந்திருப்பது தெரிந்தும், செய்தவரைக் காப்பாற்றுவதற்காகத் தடயத்தை அழித்தால் அது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் தனிக் குற்றம். தெரியாமல் அவசரப்பட்ட மலர்ச்சாலைக்காரர் அந்தக் குற்றத்துக்குள் வரமாட்டார். ஆனால் “எனக்கு யாரும் சொல்லவில்லை” என்பது பொறுப்பான பதில் ஆகாது. கேட்பதுதான் அவருடைய தொழில். எப்படி இறந்தார், எத்தனை மணிக்கு, கடைசியாக எந்த வைத்தியர் பார்த்தார், விழுந்தாரா, யாரோடும் சண்டையா, மரண அறிக்கைக் காகிதம் எங்கே? இந்த ஐந்தாறு கேள்விகளைக் கேட்க இரண்டு நிமிஷம் போதும். கேட்டிருந்தால் கவ்வாத்து மலைக் கதை அன்றிரவே வந்திருக்கும்.

இதில் நான் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது. இருபத்தாறு வயதுப் பையன். நெஞ்சுவலி என்று சொன்னார்கள். எனக்குத் தகவல் வந்து நான் படியேறிப் போகும்போது பையன் கோட்டுப் போட்டு, கையுறை மாட்டி, பெட்டிக்குள் இருந்தான். முகத்தில் பவுடர். சட்டையை விலக்கிப் பார்த்தால் தொப்புளுக்குச் சற்று மேலே இரண்டு தையல். எம்பாம் பண்ணுகிறவர்கள் இரத்தக் குழாய் வழியாக மருந்தை ஏற்றுவதோடு நிறுத்துவதில்லை. வயிற்றுக்குள் கூரான குழாயை விட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்து, அங்கேயும் மருந்தை ஊற்றுவார்கள். அந்தத் தையல் அதற்குத்தான். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்துவிட்டு, இரைப்பையில் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை என்றார். மூன்று நாள் கழித்து அவனுடைய அம்மா, கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒரு போத்தலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். “இதைக் குடிச்சானா ஐயா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க” என்றார். எனக்குச் சொல்ல முடியவில்லை. காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றுதான் என் அறிக்கை போனது.

எம்பாம் மருந்தில் முக்கியமாக இருப்பது போர்மலின், அதோடு மெதனோல். மெதனோல் கலந்துவிட்டால் இறந்தவர் குடித்திருந்தாரா என்று மதுசாரம் பார்க்கும் பரிசோதனை குழம்பிவிடலாம். சயனைட் போன்ற சில நஞ்சுகளைப் போர்மலின் மாற்றிவிடும், பிறகு தேடினாலும் கிடைக்காது. ஆனால் எல்லாமே அழிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. எலும்பு முறிவு அப்படியே இருக்கும். தலைக்குள் இரத்தம் கட்டியிருந்தால் அதுவும் பெரும்பாலும் தெரியும். உங்கள் மாமா விழுந்து ஒரு வாரத்துக்குப் பிறகு இறந்திருக்கிறார். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் இப்படி நாள் கடந்து ஆளைச் சாய்ப்பது உண்டு. அதுதானா இது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக்கூடாது. எம்பாம் ஆகிவிட்டதே, இனி ஒன்றும் தெரியாது என்று மட்டும் மனதை விட்டுவிடாதீர்கள்.

ஏனென்றால், பரிசோதனை வேண்டாம் என்று உங்கள் வீட்டில் எல்லோரும் கெஞ்சினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உடலைக் கிழிக்கப் போகிறார்கள் என்ற வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கெஞ்சலை எத்தனையோ லயத்து வாசல்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் மாமா விழுந்தது வேலை நேரத்தில், தோட்டத்து மலையில். அந்தக் காயத்தால்தான் சாவு வந்தது என்று வைத்தியர் எழுதினால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவரை நம்பியிருந்தவர்கள் நட்டஈடு கேட்கலாம். பரிசோதனை அறிக்கை இல்லாமல் அந்தக் கோரிக்கையை நிறுத்துவது கஷ்டம். விழுந்த அன்று தோட்ட டிஸ்பென்சரியில் மருந்து கட்டியிருந்தால் அங்கே பதிவு இருக்கும். அதன் பிரதியை இந்த வாரமே கேட்டு எடுங்கள். கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயரையும் எழுதி வையுங்கள். பில் இரண்டு மடங்கானதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. காகிதம் வருமுன் எம்பாம் பண்ணியது மலர்ச்சாலைக்காரரின் அவசரம். அதனால் திரும்பச் செய்ய வேண்டி வந்த வேலைக்கு உங்களிடம் கூலி கேட்பது நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம். மத்தியஸ்த சபையில் இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வேன் கூலி வேறு விஷயம். அது எப்படியும் வந்திருக்கும்.

இயற்கை மரணம் என்றால் வழி எளிது. வீட்டில் நடந்த சாவைக் கிராம உத்தியோகத்தரிடம் சொன்னால் அவர் பீ 24 என்ற அறிக்கையை நிரப்பித் தருவார். அதை எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் ஐந்து நாளுக்குள் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்த சாவுக்கு வைத்தியர் பீ 33 தருவார். தோட்டத்தில் நடந்த சாவுக்கு 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே தனி வழி இருக்கிறது. தோட்டத்துரைக்கு அறிவித்து, அவருடைய அறிக்கை மேலே போகும் வழி அது. நடைமுறையில் இந்த இரண்டு வழியும் கலந்து கிடக்கிறது. சில தோட்டங்களில் ஆபிஸ் கிளாக்கரே எல்லாம் செய்து கொடுப்பார், சில இடங்களில் கிராம உத்தியோகத்தர்தான் வர வேண்டும். எந்த வழியானாலும் ஒரு காகிதம் கைக்கு வந்த பிறகுதான் எம்பாம் என்பதில் மாற்றமில்லை. பிரதேச சபையின் தகனசாலையும் காகிதம் கேட்கும். சந்தேகம் உள்ள மரணமென்றால், தகனம் செய்யாமல் அடக்கம் மட்டும் செய்யுங்கள் என்று விசாரணை அதிகாரி எழுதுவது வழக்கம். பிறகு தேவைப்பட்டால் நீதவான் கட்டளையோடு தோண்டி எடுத்துப் பார்க்க முடியும். எரித்துவிட்டால் அந்த வழி அடைந்துவிடும். உங்கள் காகிதத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மலர்ச்சாலைகளுக்கு என்று தனிச் சட்டம் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். வைத்தியருக்கும் மருந்தாளருக்கும் இருப்பது போல, எம்பாம் பண்ணுகிறவரைப் பரீட்சித்துப் பதிவு செய்து உரிமம் கொடுக்கும் ஒரு சபையை என் பணிக்காலத்தில் நான் சந்தித்ததில்லை. தகப்பனிடமிருந்து மகன், முதலாளியிடமிருந்து பையன் என்று கைப்பழக்கமாகத்தான் இந்தத் தொழில் போகிறது. அதனால் அவர்களைக் கட்டுப்படுத்துவது பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது. தொழில் நடத்தும் இடத்துக்குப் பிரதேச சபை அல்லது நகர சபை. சுகாதாரத்துக்குச் சுகாதார வைத்திய அதிகாரியும் அவருக்குக் கீழே வேலை செய்யும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும். மயானத்துக்கு 1899ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மயானங்கள், அடக்க நிலங்கள் கட்டளைச் சட்டம். உடலுக்கு அவமரியாதை செய்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 292ஆம் பிரிவு. அந்தப் பிரிவுக்கு உணர்வைப் புண்படுத்தும் எண்ணமோ, புண்படும் என்ற அறிவோ இருந்திருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

விலைக்கும் பில்லுக்கும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். இதை நம் ஆட்கள் பயன்படுத்துவதே இல்லை. சாவு வீட்டில் விலை பேசுவது மரியாதையில்லை என்று நினைக்கிறோம். பெட்டிக்கு எவ்வளவு, எம்பாமுக்கு எவ்வளவு, வேனுக்கு எவ்வளவு, மண்டபத்துக்கு எவ்வளவு என்று வேறு வேறாக எழுதிக் கேட்பதில் எந்த மரியாதைக்குறைவும் இல்லை. கட்டிய பணத்துக்குப் பற்றுச்சீட்டு கேட்டால் தர வேண்டியது வியாபாரியின் கடமை. முறைப்பாடு செய்வதென்றால் மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணிக் கேட்கலாம். சாவு வீட்டுச் செலவுக்கு உதவும் மரணாதார சங்கம் உள்ள தோட்டமென்றால், சங்கத்துத் தலைவரை வைத்து இந்தப் பேச்சைப் பேசவிடுங்கள். அழுதுகொண்டிருக்கும் மகனைப் பேச வைக்காதீர்கள்.

தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், உடலைக் கையேற்றவர் என்ன செய்ய வேண்டும் என்பதில் நல்ல மலர்ச்சாலைக்காரர்களுக்குள் எந்தக் குழப்பமும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் மேசையில் எப்போதும் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருப்பார். உடல் உள்ளே வந்ததும் பெயர், அடையாள அட்டை இலக்கம், கொண்டுவந்தவர் பெயர், நேரம். பிறகு உடம்பில் இருக்கும் ஒவ்வொரு சாமானும். ஒருநாள் நான் போயிருந்தபோது ஒரு கிழவியின் மூக்குத்தியைக் கழற்றப் பார்த்தார்கள். ஐம்பது வருடம் போட்டிருந்த மூக்குத்தி, சதையோடு ஊறிப்போயிருந்தது. சவர்க்காரத் தண்ணீர் போட்டும் வரவில்லை. பெரியவர் கையை எடுக்கச் சொன்னார். “மூக்குத்தி 1, சிவப்புக்கல், கழற்றவில்லை” என்று கொப்பியில் எழுதி, மகனைக் கூப்பிட்டுக் காட்டி, அதற்குக் கீழே கையெழுத்து வாங்கினார். உடல் வெளியே போகும்போது மகன் திரும்பவும் பார்த்து இன்னொரு கையெழுத்து. நகை போய்விட்டது என்ற சண்டை அந்த வாசலில் நடந்து நான் கேட்டதேயில்லை. உங்கள் மாமாவின் மோதிரத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள். கொப்பியே இல்லை என்றால் உடலை ஏற்றும்போது யார் யார் நின்றார்கள் என்று குறித்துவைத்து, பொலிஸில் ஒரு முறைப்பாடு போடுங்கள்.

அவர்களுடைய இன்னொரு கடமை வெளியே தெரியாதது. எம்பாம் பண்ணும்போது வெளியேறும் இரத்தமும் மருந்தும் எங்கே போகிறது? போர்மலினில் இருக்கும் போர்மல்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. நமது மலைகளில் ஒரு வாசலின் கழிவு நீர் அடுத்த லயத்தின் குடிநீர். பின்கதவுக்கு வெளியே வெறும் கானில் விடும் இடங்களைப் பார்த்திருக்கிறேன், பரிசோதகரிடம் சொல்லியும் இருக்கிறேன். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் வேலை செய்யும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு இறந்தவரைவிட அவர்களைப் பற்றித்தான் கவலை வரும்.

அரசாங்க ஆஸ்பத்திரிப் பிரேத அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே உடலை வைத்திருப்பதும், கட்டளைப்படி பரிசோதிப்பதும், ஒப்படைப்பதும் அரசாங்கத்தின் வேலை. அதற்குக் கட்டணம் கிடையாது. கைக்குள் ஏதாவது வைக்கச் சொன்னால் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரி அத்தியட்சகரிடம் சொல்லுங்கள். வாசலில் நின்று குறிப்பிட்ட மலர்ச்சாலை வேனைக் கைகாட்டுபவர்களை நம்ப வேண்டாம். எந்த மலர்ச்சாலை என்பதைத் தீர்மானிப்பது குடும்பம்தான். அப்புறம், கையெழுத்துப் போட்டு உடலை எடுக்குமுன் துணியை விலக்கி முகத்தையும், கால் பெருவிரலில் கட்டியிருக்கும் அட்டையில் உள்ள பெயரையும் பாருங்கள். மனம் வராது. இருந்தாலும் வீட்டில் ஒருவர் பார்க்கத்தான் வேண்டும்.

குடும்பத்தின் உரிமைக்கு மேலே அரசாங்கம் வரக்கூடிய ஒரு இடமும் இருக்கிறது. அது தொற்றுநோய். 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, கொவிட்டில் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும், 2021 பெப்ரவரியில் மாற்றும்வரை அது நீடித்தது. மாற்றிய பிறகும் ஓட்டமாவடியில் மட்டும்தான் அடக்கம். மலைநாட்டு முஸ்லிம் குடும்பங்களும் தங்கள் ஊர் மையவாடியை விட்டு அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எழுதிய சட்டம் இருந்ததால் மலர்ச்சாலைக்காரரும் ஆஸ்பத்திரியும் அன்று அதற்குக் கீழ்ப்படிய வேண்டியிருந்தது. உங்கள் மாமாவின் விஷயத்தில் அப்படி ஒரு வர்த்தமானியும் இல்லை, கட்டளையும் இல்லை. முதலாளியின் சொல் மட்டும்தான் இருக்கிறது.

மாமாவின் அண்ணன் மகன்கள் உடலைத் தங்கள் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சண்டை பிடிப்பதாகக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். என் காலத்தில் நாங்கள் கடைப்பிடித்த வரிசை கணவன் அல்லது மனைவி, பிறகு வயது வந்த பிள்ளைகள், பிறகு பெற்றோர், அதற்குப் பிறகுதான் சகோதரர் வழி. இது வழக்கத்தில் நின்ற வரிசை. வழக்காகிவிட்டால் நீதிமன்றம் வேறு விஷயங்களையும், முக்கியமாக இறந்தவரின் விருப்பத்தையும், பார்க்கலாம். அத்தை உயிரோடு இருக்கும்போது அண்ணன் மகன்கள் முந்த முடியாது. இரண்டு பக்கம் கேட்கும்போது மலர்ச்சாலைக்காரர் எவர் பக்கமும் சாயாமல் கட்டளையில் பெயர் உள்ளவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

கடைசியாக, பதிவாளரிடம் போகும்போது மாமாவின் அடையாள அட்டையையும் ஊழியர் சேமலாப நிதி அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். நமது பெயர்கள் சிங்களத்தில் எழுதப்பட்டுத் திரும்பத் தமிழுக்கு வரும்போது ஒரு எழுத்து மாறிவிடுகிறது. தகப்பன் பெயர் முன்னுக்கும் பின்னுக்கும் போய்விடுகிறது. பிறகு சேமலாபப் பணம் எடுக்கப் போகும்போது இவர் வேறு, அவர் வேறு என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதைத் திருத்த மாதக்கணக்கில் அலைந்த விதவைகளை எனக்குத் தெரியும். தமிழும் அரசகரும மொழி. மரணத்தைத் தமிழில் பதியும்படி கேட்கலாம், தமிழ் படிவம் தரச் சொல்லலாம். சிங்களத்தில்தான் எழுதுகிறார்கள் என்றால், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், அட்டையில் இருக்கும் ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அத்தையைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.